பெட் ஷாப் பாய்ஸ்: நான்கு தொகுப்புகளில் எதை எடுப்பது?

எண்பதுகளின் பிரிட்டிஷ் சிந்த்-பாப் (மின்னணு இசைக்கருவிகளை வைத்து உருவான பாப் இசை) பற்றி எழுதும்போதெல்லாம் வாசகர்களிடமிருந்து ஒரு கேள்வி தவறாமல் வந்து சேர்கிறது. பெட் ஷாப் பாய்ஸ் என்ற இரட்டையரின் பாடல்களில் இரண்டு மூன்றைக் கேட்டுப் பிடித்துப்போன ஒருவர், அவர்களுடைய சிறந்த பாடல்களின் தொகுப்பு ஒன்றை எடுக்கலாம் என்று தேடப்போய், ஒன்றுக்கு நான்காக வந்து நிற்பதைப் பார்த்துத் திகைத்துவிடுகிறார். 1991-இல் ‘டிஸ்காகிராஃபி’, 2003-இல் ‘பாப்ஆர்ட்’, 2010-இல் ‘அல்டிமேட்’, 2023-இல் ‘ஸ்மாஷ்’ என்று வெளிவந்த நான்கிலும் அதே ‘வெஸ்ட் எண்ட் கேர்ள்ஸ்’ இருக்கிறது, அதே ‘இட்ஸ் எ சின்’ இருக்கிறது. பாடல் எண்ணிக்கையைப் பார்த்து, இருப்பதில் பெரியதை எடுத்துவிட்டால் பிரச்சினை தீர்ந்தது என்பதே பெரும்பாலோரின் முதல் எண்ணம். அந்த எண்ணத்தோடு எனக்கு உடன்பாடில்லை. ஏன் என்பதைத்தான் இங்கே சொல்லப்போகிறேன்.

இருவரையும் அறியாதவர்களுக்குச் சில வரிகள். பாடகர் நீல் டெனன்ட் இங்கிலாந்தின் வடகிழக்கில், நியூகாசில் பகுதியில் வளர்ந்தவர். ‘ஸ்மாஷ் ஹிட்ஸ்’ என்ற பாப் இசை இதழில் பணியாற்றியவர். கிறிஸ் லோ பிளாக்பூல்காரர். லிவர்பூல் பல்கலைக்கழகத்தில் கட்டடக்கலை மாணவராக இருந்தவர். 1981 ஆகஸ்டில் லண்டன் கிங்ஸ் ரோட்டில் இருந்த மின்னணுச் சாமான் கடை ஒன்றில் தற்செயலாகச் சந்தித்துப் பேசத் தொடங்கியவர்கள், நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகியும் பிரியவில்லை. டெனன்ட் பாதி பாடலாகவும் பாதி பேச்சாகவும் வரிகளைச் சொல்வார். லோ தொப்பியும் கறுப்புக் கண்ணாடியுமாக விசைப்பலகைக்குப் பின்னால் அசையாமல் நிற்பார். பிரிட்டிஷ் தரவரிசையில் முதலிடம் பிடித்த அவர்களுடைய நான்கு பாடல்களும் 1986-க்கும் 1988-க்கும் இடைப்பட்ட காலத்தவை. இந்தத் தகவலை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது; தொகுப்பு எதுவானாலும் அதன் எடை முழுவதும் தொடக்கத்தில் குவிந்திருப்பதற்குக் காரணம் இதுதான்.

## எதை வைத்து எடைபோடுவது

எல்லாவற்றுக்கும் முன்னால் கேட்க வேண்டிய கேள்வி, பாட்டு எந்த வடிவத்தில் இருக்கிறது என்பது. தமிழ்த் திரையிசையில் இப்போது ‘முதல் சிங்கிள்’ என்ற சொல் புழக்கத்துக்கு வந்துவிட்டது; படத்தில் வரப்போகும் பாட்டை முன்கூட்டியே வெளியிட்டு ஆவலைக் கிளப்புவதற்கு அப்பெயர். பிரிட்டனில் அன்று சிங்கிள் என்பது தனியாக விலை கொடுத்து வாங்க வேண்டிய தனிப் பண்டமாக இருந்தது. வாராந்தரத் தரவரிசை அதன் விற்பனையை வைத்தே தீர்மானிக்கப்பட்டது. எனவே, ஆல்பத்தில் ஏழு நிமிடம் ஓடிய பாட்டை வானொலிக்காக நான்கு நிமிடமாகச் சுருக்குவதும், தாளத்தை மாற்றுவதும், சில வேளைகளில் பாட்டையே மறுபடி பதிவுசெய்வதும் வழக்கமாயின. பெட் ஷாப் பாய்ஸ் இந்த வழக்கத்தை மற்றவர்களைவிடத் தீவிரமாகக் கடைப்பிடித்தவர்கள். அவர்களுடைய பல பாடல்களுக்கு ஆல்பத்துக்கு ஒன்று, சிங்கிளுக்கு ஒன்று, நடன அரங்குகளுக்கான 12 அங்குலத் தட்டுக்கு ஒன்று எனக் குறைந்தது மூன்று உருவங்கள் உண்டு. ஆகவே, தொகுப்பு வாங்குபவர் ஏற்கெனவே வாங்கிய ஆல்பத்தின் துண்டுகளையே திரும்ப வாங்குகிறார் என்று இவர்கள் விஷயத்தில் சொல்லிவிட முடியாது.

அடுத்தது வரிசை. காலவரிசைப்படி அடுக்கினால் இரண்டு இளைஞர்கள் நடுவயதை நோக்கி நடக்கும் கதை கேட்கிறது. வேறு முறையில் அடுக்கினால் வேறு ஏதோ கேட்கிறது. கேட்பதற்கு ஆகும் நேரத்தையும் கணக்கில் சேர்க்கிறேன், ஏனென்றால் வாங்கி வைத்துவிட்டுப் பாதிக்கு மேல் கேட்காத தொகுப்புகள் என் அலமாரியிலேயே பல இருக்கின்றன. மறைமுகச் செலவு என்று நான் சொல்வது இரண்டை: ஒரே பாட்டுக்கு இரண்டு மூன்று முறை பணம் கொடுப்பதையும், தொகுப்பு கையில் வந்ததும் ஆல்பங்களின் பக்கமே போகாமல் இருந்துவிடுவதையும். ஒலித்தரம் என்பது எல்லாருக்கும் ஒரே அளவில் முக்கியமில்லை என்பதால், அது வேறுபடும் இடத்தில் மட்டும் குறிப்பிடுகிறேன்.

| தொகுப்பு | ஆண்டு | பாடல்கள் | சிடிக்கள் | அடுக்குமுறை | அப்போது புதியவை |
|---|---|---|---|---|---|
| டிஸ்காகிராஃபி | 1991 | 18 | 1 | காலவரிசை | 2 |
| பாப்ஆர்ட் | 2003 | 35 | 2 | ‘பாப்’, ‘ஆர்ட்’ என்ற பிரிவு | 2 |
| அல்டிமேட் | 2010 | 19 | 1 | காலவரிசை | 1 |
| ஸ்மாஷ் | 2023 | 55 | 3 | காலவரிசை | இல்லை |

## டிஸ்காகிராஃபி

‘வெஸ்ட் எண்ட் கேர்ள்ஸ்’ தெருவிலிருந்து தொடங்குகிறது. ஹெட்ஃபோன் மாட்டிக்கொண்டு கேட்டால், வண்டிகளின் இரைச்சலுக்கு நடுவே யாரோ நடந்துபோகும் காலடி ஓசை கேட்கும்; பின்னால் மெல்ல ஒரு நரம்பிசைப் பின்னணி விரியும்; அதன்பிறகே தாளம் வந்து சேரும். இந்தப் பாட்டை நியூயார்க்கில் பாபி ஆர்லாண்டோ என்ற தயாரிப்பாளரிடம் அவர்கள் ஒருமுறை பதிவுசெய்து, 1984-இல் வெளியிட்டிருந்தார்கள். அது அவ்வளவாக எடுபடவில்லை. மறுஆண்டு ஸ்டீபன் ஹேக் தயாரிப்பில், வேகத்தைத் தணித்து மறுபடி பதிவுசெய்ததுதான் 1986 ஜனவரியில் பிரிட்டனிலும், மே மாதம் அமெரிக்காவிலும் முதலிடத்துக்குப் போனது. தொகுப்பின் முதல் பாட்டே இரண்டாம் முயற்சியாக இருப்பது பொருத்தம்தான்: திருப்பிச் செய்து பார்ப்பதில் இவர்களுக்கு என்றுமே அலுப்பு இருந்ததில்லை.

இதே காரணத்தால்தான் இத்தொகுப்பு ஆல்பங்களுக்கு மாற்றாக இல்லாமல், தனிப் படைப்பாகவே நிற்கிறது. அவர்களுடைய முதல் ஆல்பமான ‘பிளீஸ்’ஸில் சற்றே வெறுமையாக ஒலித்த ‘சபர்பியா’, சிங்கிளுக்காக மறுபடி பதிவுசெய்யப்பட்டு, குரைக்கும் நாய்களோடும் பெருகிய இசையோடும் இங்கே இருக்கிறது. 1988-இன் ‘இன்ட்ரோஸ்பெக்டிவ்’ ஆல்பத்தில் மொத்தமே ஆறு பாடல்கள். எதுவும் ஆறு நிமிடத்துக்குக் குறையாது. அவற்றில் ஒன்றான ‘லெஃப்ட் டு மை ஓன் டிவைசஸ்’, தயாரிப்பாளர் டிரெவர் ஹார்ன் ஒரு முழு இசைக்குழுவையே கூட்டிவந்து எட்டு நிமிடத்துக்கு மேல் ஓடவிட்ட பாட்டு, சிங்கிள் வடிவத்தில் ஐந்து நிமிடத்துக்குள் அடங்கிவிடுகிறது. என் காதுக்கு எட்டு நிமிட வடிவமே உயர்ந்தது. ஆனால் முதன்முதலாகக் கேட்பவருக்குச் சுருங்கிய வடிவம்தான் பாட்டின் எலும்புக்கூட்டைத் தெளிவாகக் காட்டும் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

சுருக்கியதால் நட்டமடைந்த பாட்டும் இதில் ஒன்று உண்டு. 1990-இல் ஜெர்மனியின் மியூனிக் நகரில் தயாரிப்பாளர் ஹரால்ட் ஃபால்டர்மையருடன் சேர்ந்து பதிவுசெய்த ‘பிஹேவியர்’ ஆல்பம் ‘பீயிங் போரிங்’ என்ற பாட்டோடு தொடங்குகிறது. இளமையில் உடன் திரிந்த நண்பர் எய்ட்ஸ் நோயால் இறந்துபோன துயரத்திலிருந்து டெனன்ட் எழுதியது. ஆல்பத்தில் அது ஏறத்தாழ ஏழு நிமிடம்; தாளம் வருவதற்கே வெகுநேரம் எடுத்துக்கொள்ளும். அந்தக் காத்திருப்புதான் பாட்டில் வரும் பழைய நாட்களுக்கு நம்மை அழைத்துப்போகிறது. சிங்கிளில் ஏறக்குறைய இரண்டு நிமிடம் வெட்டப்பட்டுவிட்டது. அப்பாட்டை நான் முதலில் தொகுப்பில்தான் கேட்டேன். நல்ல பாட்டு என்று நினைத்ததோடு சரி. ஓராண்டு கழித்து ஆல்பத்தில் கேட்டபோதுதான் எழுந்துபோய் விளக்கை அணைத்துவிட்டு மறுபடி கேட்கத் தோன்றியது. பிரிட்டிஷ் தரவரிசையில் 20-ஆம் இடத்தோடு நின்றுபோன அப்பாட்டையே இன்று அவர்களுடைய ஆகச் சிறந்த படைப்பாகப் பலரும் கருதுகிறார்கள்.

பதினெட்டுப் பாடல்களும் சேர்ந்து ஒன்றேகால் மணி நேரம். ஒரு சிடியின் கொள்ளளவு ஏறத்தாழ அதோடு முடிந்துவிடுகிறது. காலவரிசையில் கேட்கும்போது 1986-இன் பணத்தாசையைக் கிண்டல்செய்யும் ‘ஆப்பர்சூனிட்டீஸ்’ஸில் தொடங்கி, அறுபதுகளின் பாடகி டஸ்டி ஸ்பிரிங்ஃபீல்டை மீண்டும் மேடைக்கு அழைத்துவந்து பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் இரண்டாமிடம் பிடித்த ‘வாட் ஹேவ் ஐ டன் டு டிசர்வ் திஸ்?’ஸைத் தாண்டி, 1991 வளைகுடாப் போரின் நிழலில் எழுதப்பட்ட ‘டிஜே கல்ச்சர்’ வரைக்கும் ஒரே மூச்சில் போய்விட முடிகிறது. இத்தொகுப்புக்கென எழுதப்பட்ட இரண்டு புதிய பாடல்களில் ‘டிஜே கல்ச்சர்’ ஒன்று. கடைசியாக நிற்கும் ‘வாஸ் இட் வொர்த் இட்?’ மற்றொன்று.

குறை என்றால், கதை 1991-இல் அறுந்துபோகிறது. ‘கோ வெஸ்ட்’ இல்லை; அவர்களுடைய ஆல்பங்களில் பிரிட்டனில் முதலிடம் பிடித்த ஒரே ஆல்பமான ‘வெரி’யிலிருந்து ஒரு பாட்டுகூட இல்லை, ஏனென்றால் அது வெளிவந்ததே 1993-இல்தான். ஒலியளவும் அக்கால வழக்கப்படி தாழ்வாகவே இருக்கும். இன்றைய பாடல் ஒன்றுக்குப் பிறகு உடனே போட்டால் சத்தம் குறைந்துவிட்டதோ என்று தோன்றும். கூட்டி வைத்துக் கேட்டால் ஏறுவதும் இறங்குவதும் நசுங்காமல் இருப்பது தெரியும் என்பதால், இதை நான் குறையாகக் கணக்கிடவில்லை.

## பாப்ஆர்ட்

இதன் பெயரே இதன் திட்டம். முதல் சிடிக்கு ‘பாப்’ என்று பெயர், அதில் 17 பாடல்கள். இரண்டாவதற்கு ‘ஆர்ட்’, அதில் 18. காலவரிசையைத் தூக்கிப் போட்டுவிட்டு, தங்கள் பாடல்களை இருவரும் இந்த இரண்டு கூடைகளில் பிரித்துப் போட்டிருக்கிறார்கள். எது எந்தக் கூடையில் விழுந்தது என்று பார்ப்பதிலேயே ஒரு மாலைப்பொழுது போய்விடும். இரு கண்டங்களில் முதலிடம் பிடித்த ‘வெஸ்ட் எண்ட் கேர்ள்ஸ்’ கலைக் கூடையில் இருக்கிறது. கத்தோலிக்கப் பள்ளிப் பருவத்தின் குற்றவுணர்வை இடிமுழக்கத்தோடு பாடி, இறுதியில் லத்தீன் பாவமன்னிப்பு மன்றாட்டையே ஓதி முடிக்கும் ‘இட்ஸ் எ சின்’ பாப் கூடையில் இருக்கிறது. ‘ரென்ட்’ கலை, ‘ஹார்ட்’ பாப். விதி என்ன என்று தேடினால் கிடைக்காது. கூட்டத்தோடு சேர்ந்து கேட்க வேண்டியவை ஒருபுறம், தனியே கேட்க வேண்டியவை மறுபுறம் என்று நான் புரிந்துகொண்டிருக்கிறேன். அந்த அளவில் பிரிப்பு பயன்படவே செய்கிறது. வீட்டில் நாலு பேர் கூடும்போது முதல் சிடியைத் தயங்காமல் போடலாம்.

அந்த முதல் சிடியைத் தொடங்கிவைப்பது ‘கோ வெஸ்ட்’. வில்லேஜ் பீப்பிள் குழு 1979-இல் பாடிய டிஸ்கோ பாட்டு அது. இயக்குநர் டெரெக் ஜார்மனின் அழைப்பில், எய்ட்ஸ் நிதிக்காக 1992-இல் மான்செஸ்டரின் ஹசியெண்டா அரங்கில் நடந்த நிகழ்ச்சிக்கென்று அதை எடுத்தார்கள். மேற்கே போனால் விடுதலை என்று 1979-இல் மகிழ்ச்சியோடு பாடப்பட்ட வரிகள், அதைக் கேட்டு ஆடியவர்களில் எத்தனையோ பேரை நோய் கொண்டுபோன பிறகு வேறு பொருள் கொண்டுவிட்டன. ஆண்குரல்களின் பெருங்குழுப் பாட்டு பின்னணியில் எழும்ப எழும்ப, அது கொண்டாட்டமா ஒப்பாரியா என்று சொல்ல முடியாத நிலைக்குப் போகிறது. இந்த ஒரு பாட்டுக்காகவே ‘டிஸ்காகிராஃபி’யைத் தாண்டி வர வேண்டியிருக்கிறது என்று ஒருவர் வாதிட்டால் நான் மறுக்க மாட்டேன்.

கணக்கைப் பார்ப்போம். 35 பாடல்களில் 17 ஏற்கெனவே ‘டிஸ்காகிராஃபி’யில் இருப்பவை. மீதமுள்ள 18-இல் ‘மிராக்கிள்ஸ்’, ‘ஃபிளாம்பாயன்ட்’ இரண்டும் இத்தொகுப்புக்கென வந்தவை. பதினாறு 1993-க்கும் 2002-க்கும் இடைப்பட்டவை. அந்தப் பதினாறில் ‘கேன் யூ ஃபர்கிவ் ஹெர்?’ போன்ற உச்சங்களும் உண்டு. லோ தன் தட்டையான குரலில் தனக்குப் பிடித்ததையும் பிடிக்காததையும் பட்டியலிடும் ‘பனினாரோ ’95’ போன்ற வேடிக்கைகளும் உண்டு. ஒருமுறை கேட்டால் போதும் என்று தோன்றும் ஒன்றிரண்டும் உண்டு. ‘டிஸ்காகிராஃபி’ பாடல்களில் விடுபட்டது ‘வாஸ் இட் வொர்த் இட்?’ மட்டும்தான். பெறுமதி உண்டா என்று கேட்ட பாட்டுக்கு, பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து அதை எழுதியவர்களே இல்லை என்று பதில் சொல்லிவிட்டார்கள் போலும்.

இதன் மறைமுகச் செலவு, காலம் குழம்பிப்போவது. கலைக் கூடையில் 2003-இன் ‘ஃபிளாம்பாயன்ட்’ முடிந்தவுடன் 1990-இன் ‘பீயிங் போரிங்’ தொடங்குகிறது. இரண்டுக்கும் நடுவே பதின்மூன்று ஆண்டுகளின் கருவிமாற்றங்கள் இருக்கின்றன. முன்பே இவர்களைக் கேட்டுப் பழகியவருக்கு அந்தத் தாவல் இனிக்கும். பழைய பாட்டில் இதுவரை கவனிக்காத ஏதோ ஒன்று புதியதன் பக்கத்தில் நிற்கும்போது புலப்படும். புதியவருக்கோ எது முன், எது பின் என்று தெரியாமல் எல்லாம் ஒரே தேதியில் வந்தவைபோலத் தோன்றும். தயாரிப்பாளர்களும் இடங்களும் மாறிக்கொண்டே வந்த ஓர் இசைவாழ்வில் இது சிறிய இழப்பில்லை: ‘டாமினோ டான்சிங்’ மயாமியில் லூயிஸ் மார்ட்டினேயிடம் போய்ப் பதிவுசெய்த லத்தீன் தாளப் பாட்டு, இரண்டே ஆண்டு கழித்து மியூனிக்கில் பழைய அனலாக் சின்தசைசர்களின் மங்கிய ஒளி. காலவரிசையில் மட்டுமே இந்தத் திருப்பங்கள் உறைக்கும்.

## அல்டிமேட்

இதைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. பத்தொன்பது பாடல்கள், காலவரிசை, புதிதாக ‘டுகெதர்’ என்ற ஒன்று. ‘டிஸ்காகிராஃபி’யின் பதினெட்டில் பத்தை மட்டும் வைத்துக்கொண்டு, பிற்காலத்திலிருந்து ஒன்பதைச் சேர்த்திருக்கிறார்கள். விடுபட்டவற்றில் ‘ரென்ட்’டும் ‘ஆப்பர்சூனிட்டீஸ்’ஸும் இருக்கின்றன. பெட் ஷாப் பாய்ஸின் நையாண்டி எப்படிப்பட்டது என்று தெரிந்துகொள்ள வேண்டுமானால் இந்த இரண்டையும் கேட்காமல் முடியாது. இவை இல்லாத தொகுப்பு, உப்புப் போட மறந்த சாம்பார்போல இருக்கிறது.

இதற்கு ஆதரவாக ஒன்று சொல்லலாம். டிவிடியோடு சேர்ந்து வந்த பதிப்பில், பிபிசி தொலைக்காட்சியில் அவர்கள் பல ஆண்டுகளாகத் தோன்றிய நிகழ்ச்சிகளும், 2010 கிளாஸ்டன்பரி இசைவிழாவின் மேடைநிகழ்ச்சியும் இருக்கின்றன. எண்பதுகளில் துள்ளிக் குதிக்கும் பாப் நட்சத்திரங்களுக்கு நடுவே, இந்த இருவரும் ஏதோ பேருந்துக்குக் காத்திருப்பவர்களைப்போல நின்றுகொண்டிருந்ததைப் பார்ப்பதில் தனி சுவை உண்டு. அந்தப் பதிப்பு பழைய தட்டுகள் விற்கும் இடத்தில் மலிவாகக் கிடைத்தால் படத்துக்காக எடுக்கலாம். நெடுந்தூரம் வண்டி ஓட்டும்போது ஒரே சிடியில் முதல் பாட்டிலிருந்து 2010 வரை வேண்டும் என்பவருக்கும் இது உதவும். இந்த இரு நிலைகளைத் தவிர வேறு எதிலும் மற்ற மூன்றையும் விட்டு இதை எடுக்க எனக்குக் காரணம் தெரியவில்லை.

## ஸ்மாஷ்

டெனன்ட் ஒருகாலத்தில் வேலைபார்த்த இதழின் பெயரில் பாதியை நினைவூட்டும் இத்தொகுப்பு, 1985 முதல் 2020 வரையிலான 55 சிங்கிள்களையும் காலவரிசையில், ஒலியைப் புதிதாகச் சீரமைத்து (ரீமாஸ்டர் செய்து), மூன்று சிடிக்களில் அடக்குகிறது. வினைலில் இதுவே ஆறு தட்டுகள். காணொளிகள் அடங்கிய ப்ளூ-ரேயோடு சேர்த்து ஒரு பெட்டிப் பதிப்பும் உண்டு. ‘வாஸ் இட் வொர்த் இட்?’ இங்கே திரும்பி வந்துவிட்டது. முழுமைதான் நோக்கம் என்றால் விவாதம் இங்கேயே முடிந்தது.

இதன் உண்மையான மதிப்பு மூன்றாவது சிடியில் இருக்கிறது; முதல் இரண்டுக்கும் வேறு வழிகள் உண்டு, மூன்றாவதற்கு இல்லை. பிரிட்டிஷ் பிரதமர் பிளேரும் அமெரிக்க அதிபர் புஷ்ஷும் கொண்ட நட்பைக் காதலாக்கிக் கேலிசெய்த 2006-இன் ‘ஐ’ம் வித் ஸ்டுபிட்’, 2009-இன் ‘லவ் எட்செட்ரா’ ஆகியவற்றைத் தாண்டிப் போனால், ஸ்டூவர்ட் பிரைஸ் தயாரித்த மூன்று ஆல்பங்களின் காலம் வருகிறது: ‘எலக்ட்ரிக்’ 2013, ‘சூப்பர்’ 2016, ‘ஹாட்ஸ்பாட்’ 2020. ஐம்பதுகளின் இறுதியில் இருந்த டெனன்ட், இருபது வயதுக்காரர்களின் நடன அரங்கை நோக்கித் திரும்பிப் பார்த்துப் பாடிய ‘வோக்கல்’ இந்தக் கட்டத்தின் சிகரம். ‘லவ் இஸ் எ பூர்ஷ்வா கன்ஸ்ட்ரக்ட்’ பாட்டின் இசைக்கரு, இசையமைப்பாளர் மைக்கேல் நைமன் வழியாக, பதினேழாம் நூற்றாண்டு இங்கிலாந்தின் இசையமைப்பாளர் ஹென்றி பர்செல் வரை போய்ச் சேர்கிறது. காதல் தோற்றவன் சோம்பிக் கிடந்து கார்ல் மார்க்ஸைப் புரட்டிக்கொண்டிருக்கும் அந்தப் பாட்டுக்கு அரசவை இசை பொருந்துவதைக் கேட்டுத்தான் நம்ப முடியும். 1991-க்குப் பிறகு இவர்கள் முடிந்துபோனார்கள் என்று நினைக்கும் நண்பருக்கு இந்த ஒரு சிடியைக் கொடுத்தால் போதும்.

ஆனால் எல்லாச் சிங்கிள்களும் என்ற விதி இரக்கமற்றது. நாட்டையே ஆட்டிவைத்த பாட்டுக்கும், ரசிகர்கள் மட்டும் வாங்கிய பாட்டுக்கும் ஒரே இடம். ஒரு பாட்டுக்கு நான்கு நிமிடம் என்று வைத்தால்கூட மொத்தம் மூன்றரை மணி நேரத்தைத் தாண்டும். முதல்முறை கேட்பவர் இரண்டாவது சிடியின் நடுவில், தொண்ணூறுகளின் பிற்பாதியில், களைத்து உட்கார்ந்துவிடுவார். அந்தக் களைப்புக்குப் பாடல்கள் காரணமில்லை. யாருடைய ஐம்பத்தைந்து பாடல்களை வரிசையாக வைத்தாலும் இதே கதிதான். வினைல் பெட்டியை வாங்கத் துடிப்பவர்களுக்கு இன்னொரு கணக்கு: ஆறு தட்டுகள் என்றால் பன்னிரண்டு பக்கங்கள், நாலைந்து பாட்டுக்கு ஒருமுறை எழுந்துபோய்த் திருப்பிப் போட வேண்டும். கேட்பதைவிட அலமாரியில் வைத்துப் பார்ப்பதற்கே அது அழகு. முழுமையும்கூட நிரந்தரமில்லை: மறுஆண்டே, 2024-இல், ‘நன்தெலெஸ்’ ஆல்பமும் அதன் சிங்கிள்களும் வந்துவிட்டன.

## நான்கிலும் இல்லாதவை

எதை எடுத்தாலும் சிங்கிளாக வெளிவராத பாடல்கள் வெளியே நின்றுவிடும். 1987-இன் ‘ஆக்சுவலி’ ஆல்பத்தை முடித்துவைக்கும் ‘கிங்ஸ் கிராஸ்’, வடக்கிலிருந்து லண்டனுக்குப் பிழைக்க வருபவர்கள் இறங்கும் ரயில் நிலையத்தை வைத்து எழுதப்பட்டது. ஆல்பம் செப்டம்பரில் வெளிவந்தது. நவம்பரில் அதே கிங்ஸ் கிராஸ் சுரங்க நிலையத்தில் தீப்பிடித்து 31 பேர் இறந்தார்கள். அதன்பிறகு அந்தப் பாட்டை யாராலும் பழையபடி கேட்க முடிந்ததில்லை. அதே ஆல்பத்தில் இத்தாலியத் திரையிசையமைப்பாளர் எனியோ மோரிக்கோனேவும் இணைந்து இயற்றிய ‘இட் குடன்ட் ஹேப்பன் ஹியர்’ இருக்கிறது. சிங்கிள்களின் மறுபக்கத்தில் வந்த பாடல்களுக்கென்றே தனி உலகம் உண்டு: 1995-இன் ‘ஆல்டர்னேட்டிவ்’ அவற்றில் முப்பதையும், 2012-இன் ‘ஃபார்மட்’ பிற்காலத்தவை 38-ஐயும் தொகுத்துத் தருகின்றன. மற்ற குழுக்கள் கழிவாகத் தள்ளியிருக்கும் இடத்தில் இவர்கள் ஒளித்து வைத்திருப்பவற்றைப் பார்த்தால், ‘ஆல்டர்னேட்டிவ்’வையே ஐந்தாவது தேர்வாக இங்கே சேர்த்திருக்க வேண்டுமோ என்று எனக்கே ஐயம் வருகிறது. ஆயினும், முதல் தொகுப்பு தேடுபவரிடம் மறுபக்கப் பாடல்களைக் கொடுப்பது நியாயமில்லை.

## யார் எதை எடுக்கலாம்

இரண்டு மூன்று பாட்டு மட்டும் தெரிந்த புதியவருக்கு என் பரிந்துரை ‘டிஸ்காகிராஃபி’, தயக்கமே இல்லை. ஒரே அமர்வில் கேட்டு முடிக்கலாம், வரிசை தானே கதை சொல்லும், லட்சக்கணக்கில் விற்ற தட்டு என்பதால் பழையது தேடுவதும் கடினமில்லை. அது பிடித்துப்போனால் அடுத்த பணத்தை இன்னொரு தொகுப்பில் போடாமல் ‘இன்ட்ரோஸ்பெக்டிவ்’, ‘பிஹேவியர்’, ‘வெரி’ ஆகிய மூன்று ஆல்பங்களில் போடுவது நல்லது. ‘கோ வெஸ்ட்’ மூன்றாவதில் கிடைத்துவிடும். ‘டிஸ்காகிராஃபி’ வைத்திருப்பவர் ‘பாப்ஆர்ட்’டுக்குப் போனால் பதினெட்டுப் பாட்டுக்காகப் பதினேழை மறுபடி வாங்குகிறார், அங்கிருந்து ‘ஸ்மாஷ்’ஷுக்குப் போனால் இருபதுக்காக முப்பத்தைந்தை மறுபடி வாங்குகிறார். இந்தப் படிக்கட்டில் ஏறுவதுதான் நான்கிலும் விலை கூடிய வழி.

தொகுப்பு ஒன்றே ஒன்று, அதற்குமேல் இவர்களுக்கென்று செலவழிக்கப்போவதில்லை என்று முடிவெடுத்தவர் ‘பாப்ஆர்ட்’ எடுக்கட்டும். தொண்ணூறுகளையும் தாண்டி 2003 வரை வருகிறது. இரண்டு மனநிலைகளுக்கு இரண்டு சிடி. ஆல்பங்களெல்லாம் ஏற்கெனவே கையில் இருந்து, சிங்கிள் வடிவங்கள் மட்டும் ஒரே இடத்தில் வேண்டும் என்பவருக்கு ‘ஸ்மாஷ்’ செய்யப்பட்டிருக்கிறது. அவர் வாங்கினால் அதில் ஒரு பாட்டும் வீணாகாது.

பணம் கொடுத்துத் தட்டு வாங்காமல் இணையத்தில் கேட்பவர்களுக்குச் செலவு நேரம் மட்டும்தான் என்பதால், அவர்கள் ஒரு சோதனை செய்து பார்க்கலாம். பாடல்களைக் கலைத்துப் போடும் (ஷஃபிள்) பொத்தானை முதலில் அணைத்துவிடுங்கள். ‘லெஃப்ட் டு மை ஓன் டிவைசஸ்’ஸை முதலில் சிங்கிள் வடிவத்தில் கேளுங்கள், பிறகு ‘இன்ட்ரோஸ்பெக்டிவ்’ ஆல்பத்தின் முதல் பாட்டாக வரும் எட்டு நிமிட வடிவத்தைக் கேளுங்கள். சின்னது போதும் என்று தோன்றினால் ‘டிஸ்காகிராஃபி’யிலேயே இருங்கள். பெரியதில் இசைக்குழு எழும்பி நிற்கும் இடத்தில் கை தானாக ஒலியைக் கூட்டப் போனால், உங்களுக்குத் தொகுப்பே தேவையில்லை; ‘பிளீஸ்’ ஆல்பத்திலிருந்து ஒவ்வொன்றாகத் தொடங்கிவிடலாம்.